சிறுமனையில் ஒரு மரவீடு
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்விக் கழகத்தின் விழாவில் வீடு கட்டுவதைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். பிள்ளை படிப்பது பள்ளியில் ஐந்தாறு மணி நேரம். எஞ்சிய நேரமெல்லாம் வீட்டில். விளக்குக்கு அருகில் அரை மணி நேரம் அமைதியாக அமர ஓர் இடம் இல்லாத வீட்டிலிருந்து வரும் பிள்ளையை ஆசிரியன் பார்த்த மாத்திரத்தில் அறிந்துகொள்வான். அண்ணல் அம்பேத்கர் பம்பாய் பரேல் பகுதியில் ஒற்றையறைக் குடியிருப்பில் படித்தவர். அடுப்பும் பாத்திரமும் படுக்கையும் நிறைந்த அவ்வறையில் வீடு அடங்கிய பின்னிரவு வேளையே அவருக்குப் படிப்பு வேளையாயிற்று. தந்தையார் எழுப்பிவிட, எழுந்தமர்ந்து படித்தார் என்பது அவருடைய வரலாற்றில் காணும் செய்தி. அவரே பின்னாளில், 1930-களில், தாதரில் ராஜகிருகம் என்னும் இல்லத்தை எழுப்பியபோது தம் நூல்களுக்கு இடம் காண்பதையே முதல் நோக்கமாகக் கொண்டார். ஆகவே வீட்டின் அமைப்பும் கல்வியின் பாற்பட்டதே.

நம்மவர் பலருக்கு நகரில் வாய்க்கும் மனை ஒன்றரை சென்ட், இரண்டு சென்ட். அதற்குள் என்ன செய்ய முடியும் என்ற கேள்விக்கு, நாம் அறிந்தவரை மிகுந்த பொறுமையோடு விடை தேடியவர்கள் ஜப்பானியர். அவர்கள் வீடு மரவீடு. மரத்தை அப்படியே இங்குக் கொணர வேண்டும் என்பது நம் கருத்தன்று. நம் ஊர்க் கரையானும் மரத்தின் விலையும் அதற்கு இடந்தரா. அவர்கள் எண்ணிய முறையைக் காண்பதே இன்றைய நோக்கம்.

முதலில் அளவுகளைத் தெரிந்துகொள்வோம்; கணக்குப் பாடம் என்று அஞ்ச வேண்டா. ஜப்பானியத் தச்சரின் அடிக்கு ஷாக்கு என்று பெயர். அது நம் அடியினின்று மயிரிழையே வேறுபடும், 30.3 சென்டிமீட்டர். ஆறு ஷாக்கு கொண்டது ஒரு கென். தரையில் விரிக்கும் தத்தாமி என்னும் தடித்த பாய் ஏறத்தாழ ஆறடி நீளம், மூன்றடி அகலம். இரண்டு பாய் சேர்ந்தால் ஆறடிச் சதுரம். அதுவே ஒரு சுபோ. சுபோ என்பது சற்றேறக்குறைய 35½ சதுர அடி. அறையின் அளவைச் சொல்ல ஜப்பானியர் அடிக்கணக்குக் கூறுவதில்லை. நாலரைப் பாய் அறை, ஆறு பாய் அறை என்பர். ஒருவர் நீட்டிப் படுக்க ஒரு பாய் என்பதால், அறையின் பெயரைக் கேட்டவுடனே அதில் எத்தனை பேர் படுக்கலாம் என்று சிறு குழந்தையும் சொல்லிவிடும். மனித உடலையே அளவுகோலாகக் கொண்டமையால்தான் அவர்களால் சிறிய இடத்தைப் பிழையின்றிப் பங்கிட முடிந்தது என்பது நம் எண்ணம்.

சிற்றிடத்தில் வாழும் வழக்கம் அவர்களுக்குப் பழையது. எடோ என்று அன்று வழங்கிய டோக்கியோவின் கொல்லைச் சந்துகளில் உழைப்பாளர் வாழ்ந்த வரிசை வீடுகளில், ஒரு குடும்பத்துக்குரிய பகுதி ஒன்பது ஷாக்கு அகலமும் இரண்டு கென் ஆழமுமாக இருந்தது. அதாவது ஒன்பதுக்குப் பன்னிரண்டு, மூன்றே சுபோ. அதிலும் வாயிலை ஒட்டிய மண்தரையில் அடுப்பு. மிஞ்சிய நாலரைப் பாய் இடத்தில் மொத்தக் குடும்பம். கிணறும் கழிப்பிடமும் சந்துக்கெல்லாம் பொது. கியோத்தோ நகர வணிகரின் வீடு வேறு வகை. வாயில் குறுகல், உள்ளே நெடுந்தொலைவு. விலாங்கு மீனின் படுக்கை என்று அதற்கு அவர்கள் இட்ட பெயர் மிகப் பொருத்தம். இருபுறமும் அண்டை வீட்டுச் சுவர் நிற்க, நடுவில் வெளிச்சத்துக்கு என்ன வழி? சில சதுர அடி நிலத்தைக் கட்டாமல் விட்டு, அதில் ஒரு கல், ஒரு செடி, சிறிது பாசி வைத்தனர். பார்ப்பவருக்கு அது அழகுக்கான தோட்டம். வீட்டுக்கோ அது மூக்கு. அங்கே தண்ணீர் தெளித்தால் குளிர்ந்த காற்று உள்ளறைகளுக்குள் நகரும். இடமில்லாதவன் இடத்தை விட்டுவைத்தான் என்பதைக் கவனிக்க வேண்டுகிறோம். ஒரு சென்ட் மனையில் ஓரங்குலமும் விடாமல் சுவரெழுப்பிப் பட்டப்பகலில் விளக்கேற்றிக் கொள்ளும் நமக்கு இது சற்று உறைக்கும் செய்தி.

இனி, நாம் சிறப்பாகக் கூறவந்த வீட்டுக்கு வருவோம். 1945 மார்ச் 10-ஆம் நாள் இரவில் டோக்கியோவின் மீது வீழ்ந்த தீக்குண்டுகளும் தொடர்ந்த தாக்குதல்களும் மரத்தால் ஆன நகரங்களைச் சாம்பலாக்கின. போர் முடிந்தபோது நாடு முழுவதற்கும் 42 லட்சம் வீடுகள் பற்றாக்குறை என்று அரசு கணக்கிட்டது. மரமும் இல்லை, பணமும் இல்லை. 1947-இல் புதிய வீடு 12 சுபோவுக்கு மேற்படக் கூடாது என்று வரம்பு வைத்தனர்; பின்னர் அது 15 சுபோவாகத் தளர்ந்தது. பதினைந்து சுபோ என்பது சுமார் 530 சதுர அடி.

இந்த நெருக்கடியிலேதான் மகோதோ மசுசாவா என்ற இளம் கட்டடக் கலைஞர் 1952-இல் தமக்கென்று டோக்கியோவில் ஒரு வீடு கட்டினார். அதற்கு அவர் இட்ட பெயரே 'மிகக் குறைந்தபட்ச வீடு' என்ற பொருள் தருவது. தரையில் அது மூன்று கென் நீளம், மூன்று கென் அகலம், பதினெட்டடிச் சதுரம், ஒன்பது சுபோ. நம் கணக்கில் முக்கால் சென்ட்டுக்கும் சற்றுக் குறைவு. மேலே ஒரு மச்சு. அந்த மச்சிலும் ஒன்பது சுபோ போட்டிருக்கலாம் அல்லவா? அவர் ஆறு சுபோவே போட்டார். தெற்குப் பக்கத்தில் மூன்று சுபோவைத் தரையிலிருந்து கூரைவரை வெட்டவெளியாக விட்டுவிட்டார். தெற்குச் சுவர் முழுவதும் நெடிய சாளரங்கள். அவற்றுக்கு வெண்தாள் ஒட்டிய சட்டங்கள். பூமியின் வடபாதியில் உள்ள நாடாகையால் குளிர்காலத்து வெயில் தெற்கிலிருந்து சாய்ந்து வரும். அது அந்த வெளியின் வழியாகக் கீழறையின் அடிமூலை வரை சென்றது. கீழே கூடம், படுக்கையறை, சமையற்கட்டு, குளியலறை. மேலே படிக்கும் இடமும் வீட்டுவேலை செய்யும் இடமும். பதினைந்து சுபோ வீட்டில் படிப்பதற்கென்று ஒரு மூலை ஒதுக்கப்பட்டது என்பதை மாணவர்கள் மனத்தில் கொள்க.

தூண்கள் அறுத்துச் சதுரித்தவை அல்ல, உருட்டு மரங்கள். கூரை, இருபுறமும் சரிந்த எளிய முகட்டுக் கூரை. தாழ்வாரத் திருப்பமோ மூலை ஒடிப்போ கிடையாது. செவ்வக வடிவங்களுள் சதுரமே மிகச் சிக்கனமானது என்பதை எட்டாம் வகுப்பு மாணவனே நிறுவிவிடலாம். பதினெட்டடிச் சதுரத்துக்குச் சுற்றுச்சுவர் 72 அடி. அதே 324 சதுர அடியை ஒன்பதுக்கு முப்பத்தாறாக நீட்டினால் சுவர் 90 அடி. அடைத்த இடம் ஒன்றே; ஆனால் பதினெட்டடிச் சுவருக்குரிய மரமும் கூலியும் வீண்.

இந்த வீட்டை உலகம் மறந்துவிடவில்லை. 1999-இல் அதன் மரச்சட்டத்தை டோக்கியோவில் ஒரு கண்காட்சிக்காக மீண்டும் நிறுத்தினர். அதைக் கண்டு வியந்து, அதே ஒன்பது சுபோ அளவில், இரு குழந்தைகள் உள்ள குடும்பம் ஒன்று புதிதாக வீடு கட்டிக்கொண்டது. பின்னர் மூன்று கென் சதுரம், மூன்று சுபோ வெட்டவெளி, முகட்டுக் கூரை, உருண்டைத் தூண், தெற்குச் சாளரம் என்ற இலக்கணத்துக்குள் பலரும் பலவாறு கட்டலாயினர். ஏழ்மைக் காலத்தின் விடை வளமான காலத்தாருக்கும் விருப்பமாயிற்று.

நாமும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். டோக்கியோவின் குடியிருப்புப் பகுதிகள் பலவற்றில் மனையில் நூற்றுக்கு அறுபது பங்கே கட்டலாம். ஒன்பது சுபோ வீட்டுக்குப் பதினைந்து சுபோ மனை வேண்டும். அதாவது ஒன்றேகால் சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. மனை 21 அடி 4 அங்குல அகலமும் 25 அடி ஆழமும் என்று கொள்வோம். அந்நாட்டுக் குடிமைச் சட்டப்படி எல்லையிலிருந்து 50 சென்டிமீட்டர் விடவேண்டும் என்பதால் இருபக்கமும் இருபது இருபது அங்குலம். பின்னாலும் அவ்வளவே. முன்னால் ஐந்தடிக்கு மேல் மிஞ்சுகிறது; ஒரு மிதிவண்டியும் ஒரு மரமும் நிற்கலாம். மனை, குறைந்தது நான்கு மீட்டர் அகலச் சாலையை இரண்டு மீட்டர் அளவுக்காவது தொட்டிருக்க வேண்டும் என்பது 1950-ஆம் ஆண்டுக் கட்டடச் சட்டத்தின் விதி. சாலை அதனினும் குறுகலாயின் நடுக்கோட்டிலிருந்து இரண்டு மீட்டர் பின்வாங்கியே கட்ட வேண்டும். தீயணைப்பு வண்டி நுழையாத சந்தின் துயரத்தை எரிந்து அறிந்த மக்கள் எழுதிய சட்டம் அது.

வெளிச்சத்துக்கும் சட்டம் உண்டு. வாழும் அறையில் சாளரப் பரப்பு தரைப்பரப்பில் ஏழில் ஒரு பங்கு இருக்க வேண்டும். 2023 முதல் போதிய மின்விளக்கு உள்ளவிடத்துப் பத்தில் ஒரு பங்காகத் தளர்த்தியுள்ளனர். கூரையில் வைக்கும் சாளரத்தை மூன்று மடங்காகக் கணக்கிடலாம். பக்கச் சுவரை அண்டை வீடு மறைத்தாலும் வானத்தை எவரும் மறைக்க இயலாதன்றோ! மச்சுக்கு ஏறும் படி 75 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. படியின் உயரம் 23 சென்டிமீட்டருக்கு மேற்படக் கூடாது. சிறுவீட்டில் இடத்தை விழுங்குவது படிக்கட்டே. ஆகையால் அதன் அடிவயிற்றைப் பெட்டியும் அலமாரியுமாக்கிப் பயன்கொள்வது அவர்களின் பழைய வழக்கம். கதவுகள் வீசித் திறப்பவை அல்ல, பக்கவாட்டில் ஓடுபவை. வீசித் திறக்கும் கதவு ஒவ்வொன்றும் அரைப்பாய் இடத்தைத் தின்னும். இரவில் விரித்த மெத்தையைக் காலையில் மடித்து மூன்றடி ஆழமுள்ள சுவரறையில் வைத்துவிட்டால் படுக்கையறை மறைந்து கூடம் தோன்றும்.

இங்கே ஓர் ஐயம் எழும். ஓரறையே எல்லாமாகும் என்றால், ஏழைக்கு ஓரறை போதுமே என்று சொல்லிவிடலாம் அல்லவா? அப்படிச் சொன்னவர்களும் உண்டு. பாயை மாற்றிப் போட்டு எல்லாம் செய்துகொள்வார்கள் என்று வாதிட்டனர். அதற்கு மறுமொழி தந்தவர் உஸோ நிஷியாமா என்னும் அறிஞர். மேசைமுன் அமர்ந்து அவர் மறுக்கவில்லை. ஒசாகா முதலிய நகரங்களில் எளியோரின் சிறுவீடுகள் புகுந்து, எங்கே உண்கிறார்கள், எங்கே உறங்குகிறார்கள் என்று குறித்தார். மிகச் சிறிய வீட்டிலும், நெருக்கியடித்து ஓரறையில் உறங்கினாலும் சரியென்று, உண்ணுவதற்கு வேறோர் இடத்தை மக்கள் தாமே காத்து வந்தனர் என்பதை 1940-களின் தொடக்கத்தில் எடுத்துக்காட்டினார். உணவும் உறக்கமும் பிரிந்திருத்தல் வேண்டும் என்ற கொள்கை அதிலிருந்து பிறந்தது. 1951-இல் அரசுக் குடியிருப்புக்கு வகுத்த 12 சுபோ அமைப்பில், அதாவது ஏறத்தாழ ஒரு சென்ட் தளப்பரப்பில், சமையலும் உணவும் ஓரிடத்திலும் உறக்கம் வேறு இரண்டு அறைகளிலுமாக அமைந்ததற்கு அதுவே வித்து. ஏழைக்கு எது போதும் என்பதை ஏழையைக் கேளாமலே முடிவு செய்யும் வழக்கம் எந்த நாட்டில்தான் இல்லை! கேட்டறிந்த ஒருவர் இருந்தார் என்பதற்காகவே இதைச் சற்று விரித்துரைத்தோம்.

மிஹோ ஹமகுச்சி என்ற அம்மையாரையும் மறத்தல் ஆகாது. ஜப்பானின் முதல் பெண் கட்டடக் கலைஞருள் ஒருவர். 1949-இல் அவர் எழுதிய நூல், ஜப்பானிய வீட்டுக்குள் உறைந்த நிலவுடைமை மனப்பான்மையைத் தோலுரித்தது. வெளிச்சமும் காற்றும் மிக்க நல்லிடம் எப்போதோ வரும் விருந்தாளிக்கு. நாள் முழுதும் உழைக்கும் பெண்ணுக்கோ வடக்கு மூலையில் இருண்ட, குளிர்ந்த அடுக்களை. எவர் உயர்ந்தவர், எவர் தாழ்ந்தவர் என்பதை வீட்டின் வரைபடமே பறைசாற்றுகிறது என்பது அவர் வாதம். ஊரின் வரைபடம் அதே செய்தியைச் சொல்வதை நாம் தலைமுறை தலைமுறையாக அறிவோம்; வீட்டுக்குள்ளும் ஒரு சேரி உண்டு என்பதைத் தாய்மார்கள் அறிவார்கள்.

ஜப்பானிலும் பிறப்பால் ஒதுக்கப்பட்ட மக்கள் உண்டு என்பதை இளைஞருள் பலர் அறியாதிருக்கலாம். புராக்கு மக்கள் என்று வழங்கப்படும் அவர்களை இழிநிலையிலிருந்து விடுவித்ததாக 1871-இல் அரசாணை பிறந்தது, ஒதுக்கல் ஒழியவில்லை. 1922 மார்ச் 3-ஆம் நாள் கியோத்தோவில் கூடித் தங்கள் சமத்துவ இயக்கத்தை அவர்களே நிறுவிக்கொண்டனர். அவர்கள் வாழ்ந்த இடங்களும் நெருங்கிய மரக்குடில்களே. 1969-இல் இயற்றிய சிறப்புச் சட்டத்தின் பயனாகச் சாலையும் சாக்கடையும் புதிய அடுக்கு வீடுகளும் வந்தன. 2002-இல் அத்திட்டங்கள் முடிவுற்றன. ஆனால் புராக்கு குடியிருப்புகளின் பெயர்களை அச்சிட்ட பட்டியல்களை நிறுவனங்கள் மறைவாக விலைகொடுத்து வாங்கி, வேலைக்கு விண்ணப்பிப்போரின் முகவரியோடு ஒத்துப்பார்த்து வந்த கொடுமை 1975-இல் வெளிச்சத்துக்கு வந்தது. சுவர் புதிதாயிற்று, முகவரி பழையதாகவே இருந்தது. நல்ல வீடு வேண்டும் என்று நாம் பேசும்போது இதையும் நினைவில் கொண்டே பேசுகிறோம்.

மரவீட்டின் வலிமை பற்றிச் சில சொற்கள். 1995 ஜனவரி 17 விடியலில் கோபே நகரத்தை நடுக்கிய நிலநடுக்கத்தில் 6,400-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் மிகப் பலர் பழைய மரவீடுகள் இடிந்து அடியில் நசுங்கியவர்கள். மரம் வலுவற்றது என்பதா காரணம்? அன்று. கனத்த ஓட்டுக் கூரை, போதாத சுவர், கரையானும் ஈரமும் அரித்த அடிச்சட்டம் ஆகியவையே காரணம். சிறுமனை வீட்டில் ஓர் ஆபத்து மிகுதி. முகப்பு குறுகலாக இருக்க, அதையும் கடைக்கோ வண்டிக்கோ முழுதும் திறந்துவிட்டால், வீடு பக்கவாட்டில் சாயத் தடை ஏதுமில்லை. தீப்பெட்டியின் உள்தட்டை உருவிவிட்டு வெறும் உறையை ஒரு பக்கமாக அழுத்திப் பாருங்கள், உண்மை விளங்கும். அதைத் தடுப்பது மூலைவிட்டமாகச் சாய்த்தடிக்கும் சட்டமும் தூணோடு ஆணி நெருக்கி அறைந்த ஒட்டுப்பலகையும். இத்தனை தளப்பரப்புக்கு இத்தனை நீளம் இவ்வகைச் சுவர் இருதிசையிலும் வேண்டும் என்ற கணக்கை 1981-இல் கடுமையாக்கினர். அச்சுவர்கள் ஒருபுறமே குவியாமல் நாற்புறமும் சமன்பட நிற்க வேண்டும், தூணும் அடிச்சட்டமும் இரும்புப் பிணைப்புகளால் இணைய வேண்டும் என்பவற்றைக் கோபேயின் பாடமாக 2000-ஆம் ஆண்டில் சேர்த்தனர். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம்வரை மரத்தைக் கரையானிடமிருந்து காக்க வேண்டும் என்பதும் விதி.

தூண் பெரும்பாலும் நான்கு அங்குலச் சதுரம். சுகி, ஹினோக்கி என்ற ஊசியிலை மரங்கள். முன்பு கழுந்தும் துளையும் தச்சர் கையால் செதுக்கப்பட்டன. இன்று வரைபடத்தைக் கணினியில் கொடுத்தால் ஆலையில் இயந்திரம் அறுத்துத் துளைத்து எண்ணிட்டு அனுப்பிவிடுகிறது. குறுகிய சந்துக்குள் சிறு வண்டியில் வந்து இறங்கும் அத்துண்டுகளைப் பொருத்திச் சிறுவீட்டின் சட்டத்தை ஓரிரு நாளில் நிறுத்திவிடுகிறார்கள். பெரிய எந்திரம் நுழைய முடியாத மனைக்கு மரம் ஏற்றது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இளைஞர்களே! நூலகத்தில் கட்டமிட்ட தாள்கள் வாங்கி வைத்துள்ளோம். ஒரு கட்டத்தை மூன்றடி என்று கொள்ளுங்கள். ஆறுக்கு ஆறு, முப்பத்தாறு கட்டங்கள். அதுவே ஒன்பது சுபோ. அதில் உங்கள் குடும்பத்தை வையுங்கள். அடுப்பு எங்கே, பாட்டி படுப்பது எங்கே, தங்கை குளிப்பது எங்கே, தேர்வுக்கு முந்தைய இரவில் நீங்கள் அமர்வது எங்கே என்று வரையுங்கள். தெற்கு என்று அவர்கள் சொன்னதை நாம் அப்படியே எழுதிக்கொள்ளக் கூடாது. நமக்கு வேண்டியது வெயிலன்று, நிழலும் காற்றும். ஆகவே எத்திசையில் சாளரம் என்பதை அவரவர் தெருவில் நின்று காற்றைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வரைந்ததை வீட்டுத் தாய்மார்களிடம் காட்டி அவர்கள் திருத்தியபின் வரும் ஞாயிற்றுக்கிழமை கொண்டு வாருங்கள். பாலிடெக்னிக்கில் கட்டடப் பிரிவில் பயிலும் நம் மாணவர் இருவர் உடனிருந்து சுவர்க் கணக்குப் பார்ப்பார்கள்.